அர்ப்பணிப்புள்ள சித்திர அட்டை

அபுல் ஹஸனுக்கு ஒரு கால் தேவைப்பட்டது. கல்முனையில் இருந்த கரையோரச் செயற்கை அவயவ நிலையத்துக்கு ஒரு மடிக்கணினி தேவைப்பட்டது. இந்த இரண்டு தேவைகளில் எது முந்தியது என்பதில் நிலையத்துக்கு ஒருபோதும் சந்தேகம் இருந்ததில்லை.

அபுல் ஹஸன் வரிப்பத்தான்சேனையில் நெல் செய்கிறவர். பெரும்போக அறுவடை முடிந்து நெல் மூட்டைகளோடு வீட்டுக்குத் திரும்பிய லான்ட்மாஸ்டர் உழவு மெசின் பெட்டியோடு வாய்க்கால் ஓரத்தில் சரிந்தது. அதன் கீழே அகப்பட்ட இடது காலை ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். எடுத்த டொக்டர் நல்ல மனுசன். காயம் ஆறியதும் கல்முனைக்குப் போங்கள், கால் ஒன்று செய்து தருவார்கள், அடுத்த பெரும்போக விதைப்புக்கு நீங்களே வரம்பில் நடக்கலாம் என்று தைரியம் சொல்லி அனுப்பினார். அவர் மருத்துவம் படித்தவரே தவிர நிருவாகம் படித்தவரல்ல.

சிறுபோகப் பயிர் பச்சை பிடித்து நின்ற நாட்களில், இரண்டு ஊன்றுகோல்களோடு, மனைவி சித்தி லைலா கூட வர, அபுல் ஹஸன் பஸ் ஏறிக் கல்முனைக்குப் போனார். நிலையத்தின் விறாந்தையில் நீளமான மர வாங்கு ஒன்று கிடந்தது. சீனி வருத்தத்தில் கால் போன மருதமுனைத் தறிக்காரர் ஒருவர், மணிக்கட்டுக்குக் கீழே கையில்லாத பள்ளிக்கூடப் பிள்ளை ஒருத்தி, இன்னும் ஏழெட்டுப் பேர் அதில் இருந்தார்கள். எல்லோரும் பழகிய முகத்தோடு தள்ளி இருந்து அவருக்கு இடம் கொடுத்தார்கள்.

கை கால் செய்கிற தொழில்நுட்பவியலாளரின் பெயர் றுமானா. நற்பிட்டிமுனைப் பிள்ளை, கொழும்பில் படித்துவிட்டு வந்தவள். அபுல் ஹஸனின் மிச்சக்காலைத் தொட்டுப் பார்த்து, நன்றாக ஆறியிருக்கிறது என்று சொன்னாள். பிறகு நிலைமையை விளக்கினாள். முன்பெல்லாம் வெட்டிய காலைச் சுற்றிச் சாந்துத் துணி கட்டி அச்சு எடுத்துத்தான் கால் செய்தார்கள். இப்போது வெளிநாட்டுத் தர்ம நிறுவனம் ஒன்று அயன்பெட்டி அளவில் ஒரு கருவி அனுப்பியிருக்கிறது. அதைக் காலைச் சுற்றிக் காட்டினால் கணினித் திரையில் கால் அப்படியே வந்துவிடும். கூடவே வந்திருக்கும் இயந்திரம் குளவி கூடு கட்டுவதுபோல் படை படையாகக் கட்டி, மிச்சக்கால் நுழைகிற கிண்ணத்தைச் செய்துவிடும். புதிய முறை வந்துவிட்டதால் பழைய முறைக்கான சாந்துத் துணியை இனி வாங்கக்கூடாது என்று தலைமைக் காரியாலயம் சுற்றறிக்கை அனுப்பிவிட்டது. சுற்றறிக்கை வந்த கிழமையே, கடிதம் அடிப்பதற்கென்று வாங்கியிருந்த நிலையத்தின் ஒரே கணினி, புதிய கருவியின் படத்தைத் திறக்கப் போய், இரைந்து, சூடேறி, மௌத்தாகிப் போனது.

ஆகவே கருவி வந்ததால் சாந்து இல்லை. கணினி இல்லாததால் கருவி இல்லை. படம் வரைவதற்கென்றே தனியாக ஒரு சில்லு வைத்த மடிக்கணினி வேண்டும். அதற்காகப் பெரிய விலை கொடுக்கத் தேவையில்லை. கல்முனை பஸாரில் இளந்தாரிகள் கேம் விளையாட வாங்குகிற நடுத்தரமான ஒன்று தாராளமாகப் போதும். கேட்டு எழுதியிருக்கிறாள். கடைக்காரர் ஒருவர் பார்க்கட்டும் என்று ஒன்றைக் கொண்டுவந்தும் வைத்துவிட்டார்.

"வாங்கினது மாதிரித்தான் காக்கா" என்றாள் றுமானா, அண்ணன் முறை வைத்து. "மதிப்பீடு மட்டுந்தான் மிச்சம்."

அபுல் ஹஸனுக்கு மதிப்பீடு தெரியும். மாடு வாங்குகிறவன் பல்லைப் பிடித்துப் பார்ப்பான். வாலை முறுக்கிப் பார்ப்பான். கொஞ்சத் தூரம் நடத்திப் பார்ப்பான். தேத்தண்ணி ஆறுவதற்குள் முடிந்துவிடும். கணினிக்கு வாலும் இல்லை, பல்லும் இல்லை. அவர் நிம்மதியாக வீட்டுக்குப் போனார்.

தொழில்நுட்ப மதிப்பீட்டுக் குழுவில் மூன்று பேர். தலைவர், நிலையத்துக்குப் பொறுப்பான பிரதிப் பணிப்பாளர் ஜுனைட். இரண்டாமவர் கணக்காளர் நல்லரெத்தினம். குழுவில் வெளித் திணைக்களத்திலிருந்து கால் சம்பந்தமான அறிவுள்ள உத்தியோகத்தர் ஒருவரும் இருக்கவேண்டும் என்று ஒரு விதி இருந்தது. பட்டியலைத் தேடிய எழுதுவினைஞர், திணைக்களங்களின் பெயர்களில் 'கால்' என்று தொடங்கியது ஒன்றே ஒன்றைக் கண்டு, கால்நடை வைத்தியர் கேதீஸ்வரனுக்கு நியமனக் கடிதம் அனுப்பிவிட்டார். கடிதத்தில் முத்திரை இருந்ததால் அவரும் வந்தார்.

முதலாவது அமர்வுக்கு ஒரு நோயாளி தேவைப்பட்டது. றுமானா அபுல் ஹஸனை அழைப்பித்தாள். முதலாவது கால் தனக்குத்தான் என்று எண்ணிக்கொண்டு அவர் வெள்ளிக்கிழமைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார்.

மேசையில் கடைக்காரரின் மடிக்கணினி விரித்து வைக்கப்பட்டிருந்தது. றுமானா கருவியை மிச்சக்காலைச் சுற்றி மெதுவாகக் கொண்டுபோனாள். திரையில் முதலில் பனி மாதிரி ஏதோ தெரிந்தது. பிறகு அது திரண்டு, உருண்டு, அபுல் ஹஸனின் காலாயிற்று. தையல் போட்ட தழும்பு தெரிந்தது. முழங்காலில் சின்ன வயதில் மண்வெட்டி பட்ட வடு தெரிந்தது. றுமானா ஒரு பொத்தானை அமர்த்த, அந்தக் காலுக்குக் கீழே ஒரு கிண்ணமும், அதற்குக் கீழே தண்டும், பாதமும் வந்து பொருந்தின. முழுக்கால் ஒன்று திரையில் நின்று மெல்லச் சுழன்றது. அபுல் ஹஸன் திரையை நோக்கிக் குனிந்தார். சித்தி லைலா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

இனி இதை அமர்த்தினால் இயந்திரம் வேலை தொடங்கிவிடும், இரண்டு மூன்று நாளில் கால் கைக்கு வந்துவிடும் என்று றுமானா இன்னொரு பொத்தானைக் காட்டினாள். தலைவர் அவளுடைய விரலை அங்கிருந்து எடுக்கச் சொன்னார். மதிப்பீட்டிலுள்ள கணினியால் படம் காட்டலாம், பொருள் செய்யக்கூடாது. செய்தால் அது பாவனை ஆகிவிடும். பாவித்ததை அரசாங்கம் வாங்க முடியாது.

பிறகு அவர் கோப்பைத் திறந்தார். அங்கேதான் வில்லங்கம் ஆரம்பித்தது. றுமானா தனக்கு என்ன வேண்டும் என்று இங்கிலீசில் ஒரு வரிதான் எழுதியிருந்தாள். காரியாலய மொழி தமிழ் என்பதால் அந்த வரி மொழிபெயர்ப்புக்குப் போய்த் திரும்பியிருந்தது. 'டெடிகேட்டட் கிராபிக்ஸ் கார்ட்' உள்ள, அதாவது தனிச் சில்லு கொண்ட, நடுத்தர மடிக்கணினி என்று போன சங்கதி, 'அர்ப்பணிப்புள்ள சித்திர அட்டையைக் கொண்ட நடுத்தர மடிக்கணினி' என்று வந்திருந்தது.

"அர்ப்பணிப்பு எண்டு போட்டிரிக்கி" என்றார் தலைவர். "ஆருக்கு அர்ப்பணிப்பு எண்டு போடல்லியே."

கணக்காளர் கண்ணாடியைத் துடைத்தார். நிலையத்துக்கு அர்ப்பணிப்பு என்றால் சரி, ஆனால் கடைக்காரருக்கு அர்ப்பணிப்பு என்றால் நாளைக்குக் கணக்காய்வில் பதில் சொல்ல வேண்டி வரும் என்றார். றுமானா, அது வெறும் சொல், படம் வரைகிற வேலையை மட்டும் செய்கிற சில்லு என்றுதான் அர்த்தம் என்று விளக்கினாள். வெறும் சொல் என்று ஒன்று அரசாங்கத்தில் இல்லை என்று தலைவர் அவளுக்கு விளக்கினார். களஞ்சியப் பொறுப்பாளர் கூப்பிடப்பட்டார். அவர் கணினி வந்த பெட்டியை மேசையில் கவிழ்த்துத் தட்டினார். கணினியை எப்படித் திறப்பது என்று படம் போட்ட ஒரு அட்டை விழுந்தது. அதை மூவரும் மாறி மாறிப் பார்த்தார்கள். அன்றைய அறிக்கையில் இப்படி எழுதப்பட்டது: 'அட்டை உண்டு. சித்திரம் உண்டு. அர்ப்பணிப்பு உறுதிப்படுத்தப்படவில்லை.'

கால்நடை வைத்தியர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: இவருக்குக் கால் எப்போது? அது நிகழ்ச்சி நிரலில் இல்லை என்று தலைவர் சொன்னார்.

அர்ப்பணிப்புப் பற்றிக் கொழும்பிலிருந்து விளக்கம் வர ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. வந்த விளக்கம், குழுவே தீர்மானிக்கலாம் என்றது. குழு அர்ப்பணிப்பு உண்டென்று தீர்மானித்துவிட்டு, அடுத்த சொல்லுக்குப் போனது.

இரண்டாவது அமர்வில் அபுல் ஹஸன் உள்ளே போனபோது மேசையில் மூன்று கணினிகள் இருந்தன. மூன்று பேருக்குக் கால் கிடைக்கப்போகிறது என்று அவர் சந்தோசப்பட்டார். அப்படியல்ல. நடுத்தரம் என்று நிரூபிக்கவேண்டுமானால் அதற்குக் கீழே ஒன்றும் மேலே ஒன்றும் இருக்கவேண்டும் என்பது கணக்காளரின் வாதம். ஆகவே வாங்கப்போகாத இரண்டு கணினிகளும் வரவழைக்கப்பட்டு, மூன்றும் ஒரே காலால் சோதிக்கப்பட்டன. கீழ்த்தரக் கணினியில் கால் வந்து சேர, பகல் லுஹர்த் தொழுகைக்குப் பாங்கு சொல்லிவிட்டது. அதுவும் பெருவிரல் இல்லாமல்தான் வந்தது. மேல்தரக் கணினியில் கண்ணை மூடித் திறப்பதற்குள் வந்துவிட்டதால், தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த குழு அதைக் காணவில்லை. மறுபடியும் செய்யச் சொன்னார்கள். நடுக் கணினி நடுவில் வந்தது. குழு திருப்தியோடு கலைந்தது.

சித்தி லைலா வெளியே வந்து வாங்கில் இருந்தபடி புருசனைக் கேட்டாள்:

"இஞ்சேருங்க, இவங்க கால் தேடுறது உங்களுக்கா, அந்தப் பெட்டிக்கா?"

அபுல் ஹஸன் பெரிய இடத்தில் நடக்கிற காரியங்கள் அப்படித்தான் இருக்கும் என்று சமாதானம் சொன்னார். சொல்லும்போதே அவர் விரல்விட்டு நாள் எண்ணினார். ஏனென்றால் சிறுபோகம் வெட்டி முடிந்துவிட்டது. வானத்தில் வாடைக்காற்றின் வாசம் வந்துவிட்டது. ஊரில் எல்லோரும் பெரும்போகத்துக்கு வரம்பு கட்டத் தொடங்கியிருந்தார்கள்.

அந்தக் கிழமை அவர் யாருக்கும் சொல்லாமல் வயலுக்குப் போனார். வாய்க்காலில் தண்ணீர் திறந்திருந்தார்கள். மண் ஊறி நெகிழ்ந்து கிடந்தது. தன்னுடைய வரம்பில் முதல் அடி வைத்தார். ஊன்றுகோல் ரப்பர் நுனியோடு மண்ணுக்குள் இறங்கியது. இழுத்தார், வந்தது, மற்றது இறங்கியது. அதை இழுக்கும்போது ஒற்றைக் கால் வழுக்கி, அவர் பக்கவாட்டில் வயலுக்குள் விழுந்தார். காயம் ஒன்றுமில்லை. ஆனால் எழும்புவதற்குப் பிடிக்க ஒன்றுமில்லை. சேற்றில் குந்தியபடி அவர் அயலவனின் உழவு மெசின் இரைவதைக் கேட்டுக்கொண்டிருந்தார். கூப்பிட்டால் வருவான். கூப்பிட வாய் வரவில்லை. கடைசியில் பின்னால் நகர்ந்து நகர்ந்து, பிள்ளைகள் சறுக்குவதுபோல், ரோட்டுக்கு வந்து சேர்ந்தார். சேற்றோடு வீட்டுக்கு வந்தவரைச் சித்தி லைலா தாங்கிப் பிடித்தாள். கிணற்றடியில் இருத்தித் தண்ணீர் அள்ளி ஊற்றினாள். அடுத்த நாள் வயலைத் தம்பி முறையான ஒருவனுக்கு அந்தப் போகத்துக்குக் குத்தகையாகக் கொடுத்தார்கள்.

மூன்றாவது அமர்வு மழை தொடங்கிய பிறகு நடந்தது. பெயர் மடிக்கணினி என்பதால் அதை மடியில் வைத்துத்தான் மதிப்பீடு செய்யவேண்டும் என்று கோப்பில் யாரோ குறிப்பு எழுதியிருந்தார்கள். யாருடைய மடி என்பது கேள்வியாயிற்று. பதவி நிலை உத்தியோகத்தர் ஒருவருடைய மடியில் அரசாங்கத்துக்கு இன்னும் சொந்தமாகாத பொருளை வைப்பது முறையல்ல என்றார் தலைவர். கணக்காளர் தன் மடிக்குக் காப்புறுதி இல்லை என்றார். எல்லோரும் அபுல் ஹஸனைப் பார்த்தார்கள்.

கதிரையில் இருந்த அவருடைய தொடைகளின் மேல் கணினி வைக்கப்பட்டது. திரையில் அவருடைய கால் சுழலத் தொடங்கியது. கணினி வேலை செய்யச் செய்யச் சூடானது. விசிறி இரைந்தது. சூடு உடுத்திருந்த சாரத்தைத் தாண்டி மிச்சக்கால் வரை இறங்கி, தையல் தழும்பு சுரீரென்றது. எடுக்கட்டுமா என்று றுமானா கேட்டாள். இன்னும் நேரம் முடியவில்லை என்று கணக்காளர் மணிக்கூட்டைப் பார்த்தார். வெப்பத்தைப் பதிய வேண்டுமென்று தலைவர் சொல்ல, கேதீஸ்வரன் டொக்டர் தன் பையைத் திறந்து மாடுகளுக்கு வைக்கிற வெப்பமானியை வெளியே எடுத்தார். எடுத்தவர், கணினியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, எங்கே வைப்பது என்று தலைவரைக் கேட்டார். கணக்காளர் விதிப்புத்தகத்தில் தேடிப் பார்த்தார். கடைசியில் விசிறித் துவாரத்தில் வைப்பதென்று தீர்மானமாயிற்று. வைத்து எடுத்துப் பார்த்த டொக்டர், மாடாக இருந்தால் உடனே ஊசி போடுவேன் என்றார். அதுவும் பதியப்பட்டது.

"மனுசனுக்குச் சுடுது" என்று அவர் பிறகு சொன்னது பதியப்படவில்லை.

அன்றைக்குத்தான் அபுல் ஹஸன் வாய் திறந்தார். கணினியை மடியிலிருந்து எடுத்ததும், ஊன்றுகோலைப் பிடித்து எழும்பி நின்று, சேர், வயலைக் குத்தகைக்குக் கொடுத்துவிட்டேன், விதைப்புப் போய்விட்டது, இனி வெட்டுக்காவது நான் வயலில் இறங்கவேண்டும் என்று சொன்னார். குரலை உயர்த்தவில்லை. தலைவருக்கு அது பிடித்திருந்தது. அவர் எழும்பி வந்து அபுல் ஹஸனின் தோளில் கை வைத்தார்.

"நீங்க ஒரு காலத்தான் இழந்திரிக்கிங்க. நான் ஒரு பிழையான கையெழுத்துப் போட்டா என்ட பென்சனையே இழந்திருவன். காலில்லாத ஆள் பொறுத்துக்கொள்ளுவார். கணக்காய்வாளர் பொறுக்கமாட்டார். நான் ஆருக்குப் பயப்படோணும்? நீங்களே சொல்லுங்க."

அபுல் ஹஸன் யோசித்துப் பார்த்தார். தலைவர் கேட்ட விதத்தில் அதற்கு ஒரு பதில்தான் இருந்தது. அதைச் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. "நான் வாறன் சேர்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார்.

மதிப்பீடு முடிந்த பிறகு இன்னொரு சிக்கல் வந்தது. சோதித்த கணினி பழையதாகிவிட்டது. பழையதை வாங்க முடியாது. புதிதாக ஒன்றை வாங்கலாம். ஆனால் அதை இன்னும் மதிப்பீடு செய்யவில்லை. இதற்கிடையில் அந்த மாதிரியைச் செய்கிற கம்பனி அதை நிறுத்திவிட்டு அடுத்ததைச் செய்யத் தொடங்கியிருந்தது. கடைக்காரர் ஒரு நாள் வந்து, காசு தராவிட்டாலும் பரவாயில்லை, என்னை இந்தக் கோப்பிலிருந்து விட்டால் போதும் என்றார். அதைக் குழு விசேட விலைக் கழிவாக ஏற்றுக்கொண்டது. கணினியின் மேல் புதிய பொலித்தீன் ஒட்டி, 'புதியது' என்று குறித்து, தை பிறந்து பயிர் கதிர் தள்ளியிருந்த நாட்களில் ஒருவழியாக வாங்கினார்கள்.

வாங்கியதும் விழா வைக்கவேண்டி வந்தது. விழாவில் கையளிக்க ஒரு கால் வேண்டும். றுமானா அபுல் ஹஸனைக் கூப்பிட்டுப் புதிதாக அளவெடுக்க ஆயத்தமானாள். வெட்டிய கால் முதல் வருசத்தில் வற்றிக்கொண்டே போகும். ஆறேழு மாதத்துக்கு முந்திய அளவு இப்போது சரிவராது. கணக்காளர் சம்மதிக்கவில்லை. முதலாவது அமர்வில் எடுத்த அளவைத்தான் குழு பார்த்திருக்கிறது. அதில்தான் மூவரின் கையெழுத்தும் இருக்கிறது. அங்கீகரித்த காலை மாற்ற முடியாது. றுமானா எழுத்தில் ஆட்சேபித்தாள். ஆட்சேபனை கிடைத்ததென்று எழுத்தில் பதில் வந்தது.

விழாவன்று விறாந்தையில் கொடி கட்டினார்கள். வாங்கில் இருந்தவர்களை, படத்தில் விழாதபடி, பின்பக்கம் அனுப்பினார்கள். பிரதம அதிதி வந்தார். கணினி, வெள்ளைத் துணி விரித்த மேசையில் மாலையோடு இருந்தது. அபுல் ஹஸனைத் திரைச்சீலைக்குப் பின்னால் இருத்தி றுமானா காலைப் பொருத்தினாள். கிண்ணத்துக்குள் மிச்சக்கால் கொட்டைப்பாக்குப் போல் ஆடியது. அவள் ஒன்றின் மேல் ஒன்றாகக் காலுறைகள் போட்டாள். அப்படியும் எலும்பு ஒரு பக்கமாய் இடித்தது. மன்னியுங்க காக்கா என்று அவள் முணுமுணுத்தது மட்டும் அவருக்குக் கேட்டது.

வெளியே தலைவர் பேசிக்கொண்டிருந்தார்.

"இந்த மாகாணத்திலேயே இந்தக் கணினியைப் போல் மதிப்பிடப்பட்ட கணினி வேறொன்றில்லை. நாங்கள் இதை மதிப்பிட்டுக்கொண்டிருந்த காலத்தில் இதைவிடச் சிறந்தவை, இதைவிட மலிவானவை எத்தனையோ சந்தைக்கு வந்தன. நாங்கள் அசையவில்லை. நோயாளிகள் வந்தார்கள், அழுதார்கள், போனார்கள். அதற்கும் நாங்கள் அசையவில்லை. இன்று எங்களிடம் ஒரு குறையும் காணமுடியாத கோப்பு ஒன்று இருக்கிறது. மக்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?"

கைதட்டலுக்கு நடுவில் அபுல் ஹஸன் நடத்திவரப்பட்டார். ஒவ்வொரு எட்டுக்கும் கண்ணில் நீர் முட்டியது. கூட்டம் அதை ஆனந்தக் கண்ணீர் என்று எடுத்துக்கொண்டு இன்னும் பலமாகத் தட்டியது. பிரதம அதிதி அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு, கமராவைப் பார்த்தபடி, எப்படி இருக்கிறது என்று கேட்டார். தலைவரின் முகம், கணக்காளரின் முகம், கடைசி வரிசையில் தலை குனிந்திருந்த மாட்டு டொக்டரின் முகம் எல்லாம் அபுல் ஹஸனுக்குத் தெரிந்தன.

"கொம்பியூட்டர் நல்லா இரிக்கி சேர்" என்றார்.

பிரதம அதிதி மிகவும் மகிழ்ந்து போனார்.

அடுத்த கிழமை அபுல் ஹஸன் புண் பட்ட மிச்சக்காலோடும், தோள்பையில் போட்ட புதுக்காலோடும் நிலையத்துக்கு வந்தார். புது அளவு எடுத்துத் திருத்திவிடலாம் என்றாள் றுமானா. ஆனால் கணினி அவளிடம் இல்லை. நிலையத்திலேயே பெறுமதி கூடிய பொருள் என்பதால் அது நிலையத்தின் உயர்ந்த அதிகாரியின் பொறுப்பில் இருக்கவேண்டும் என்று, தலைவருடைய அறைக்குள் வைத்துப் பூட்டப்பட்டிருந்தது. அதை எடுத்துப் பாவிப்பதற்கு ஒரு கொள்கை தேவை. கொள்கையை வகுக்க ஒரு உபகுழு தேவை. உபகுழுவின் பெயர்கள் கொழும்புக்குப் போயிருக்கின்றன.

றுமானா இதைச் சொல்லி முடிக்கும்போது அவளுக்கே அழுகை வந்துவிட்டது. அபுல் ஹஸன் ஊன்றுகோல்களை எடுத்துக்கொண்டு எழும்பினார். வழக்கம்போல் வாங்கை நோக்கிப் போனார். சித்தி லைலா அவருக்குப் பக்கத்தில் நடந்தாள். வாங்குக்குக் கிட்டப் போனவர் அதில் இருக்கவில்லை. அதைத் தாண்டி, தலைவரின் அறை வாசல்வரை போய், ஊன்றுகோல்களைச் சுவரில் சாத்திவிட்டு, கதவுக்கு நேரே நிலத்தில் இருந்தார். பொருந்தாத காலைப் பக்கத்தில் வைத்தார்.

வாங்கில் இருந்தவர்கள் பார்த்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து மருதமுனைத் தறிக்காரர் எழும்பி வந்து அவருக்குப் பக்கத்தில் இருந்தார். கையில்லாத பிள்ளை வந்தாள். பிறகு வாங்கு வெறுமையாயிற்று.

யாரும் சத்தம் போடவில்லை. பதாகை பிடிக்கவில்லை. தலைவருக்குத் தேத்தண்ணி கொண்டுவந்த பியோன் அவர்களைக் கண்டு திரும்பிப் போனார். கணக்காளர் வந்து விதிகளைப் புரட்டினார். ஊர்வலம் போகக்கூடாது என்று இருந்தது. கோஷம் போடக்கூடாது என்று இருந்தது. காலில்லாதவர்கள் கதவடியில் இருக்கக்கூடாது என்று எங்கேயும் இல்லை. அவர் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

லுஹருக்குப் பாங்கு சொன்னது. தலைவர் கதவைத் திறந்தார். வாசலை அடைத்துக்கொண்டு மனிதர்கள் இருந்தார்கள். தாண்டித்தான் போகவேண்டும். காலில்லாத மனிதர்களுக்கு மேலால் காலைத் தூக்கிவைத்துத் தொழப் போவதற்கு ஜுனைடால் முடியவில்லை. அவர் ஒரு காலைத் தூக்கினார், பிறகு இறக்கினார். வெகுநேரம் நின்றார்.

"என்ன வேணும் உங்களுக்கு?" என்றார்.

"அந்தப் பெட்டி, சேர்" என்றார் அபுல் ஹஸன்.

தலைவருடைய முகத்தில் பல விதிகள் வந்து போயின. கடைசியில் அவருக்குத் தெரிந்த ஒரே சொல் அவருக்குக் கைகொடுத்தது. விழாவில் மாலையின் ஈரம் பட்டதால் கணினியை மீள் மதிப்பீடு செய்வது அவசியம் என்று ஒரு தாளில் எழுதி, கையெழுத்திட்டு, கணினியையும் தாளையும் றுமானாவிடம் கொடுத்தார். எத்தனை நோயாளிகளைக் கொண்டு மதிப்பிடுவது என்று அவள் கேட்டாள். அவர் வாசலைப் பார்த்தார். இருக்கிற எல்லோரையும் கொண்டு என்று எழுதினார். வழி விட்டார்கள்.

றுமானா அன்றைக்கே அபுல் ஹஸனைப் புதிதாக அளந்து, வாங்கி முடிந்த கணினிக்குப் பாவனைத் தடை இல்லை என்பதால், அந்தப் பொத்தானை அமர்த்தினாள். இயந்திரம் படை படையாகக் கட்டத் தொடங்கியது. கால் வந்தது. பொருந்தியது. தறிக்காரருக்கு ஒன்று வந்தது. பிள்ளைக்குக் கை வந்தது. நிலையத்தின் கோப்பில் இவர்கள் எவரும் நோயாளிகள் அல்லர். கணினி ஒன்றின் மீள் மதிப்பீட்டில் பாவிக்கப்பட்ட மாதிரிகள். அந்த மதிப்பீடு இன்னும் முடியவில்லை. முடித்துவிடாதே என்று கேதீஸ்வரன் டொக்டர் றுமானாவுக்கு ரகசியமாகச் சொல்லியிருந்தார்.

அபுல் ஹஸன் வரம்பில் நடந்தார். முதலில் பயந்து, பிறகு மறந்து. அந்தப் போகத்து நெல் அவருடையதல்ல. குத்தகைக்காரன் அதை வெட்டி ஏற்றுவதை வரம்பில் நின்று பார்த்தார். நிற்க முடிந்தது. ஆனால் மூட்டைகளை எண்ணுவதைப் பாதியில் விட்டுவிட்டார். சித்தி லைலா அவரை அன்று நேரத்தோடு வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

பிறகொரு நாள் காலைச் சரிபார்க்க அவர் கல்முனைக்குப் போனார். வேலை முடிந்து திரும்பும்போது வாங்கில் புது ஆள் ஒருவர் தனியாக இருந்தார். ஆலையடிவேம்புப் பக்கம், மரம் ஏறி விழுந்து கால் போனவர், கட்டு இன்னும் வெள்ளையாக இருந்தது. அபுல் ஹஸன் இரண்டு காலில் வருவதைக் கண்டு அவருடைய முகம் மலர்ந்தது. இங்கே கால் கிடைக்க எவ்வளவு காலம் எடுக்கும் அண்ணன் என்று கேட்டார்.

அபுல் ஹஸன் பஸ்ஸைப் பிடிக்கவேண்டும். சித்தி லைலா பஸ் தரிப்பில் காத்துக்கொண்டிருந்தாள். அவர் உள்ளே பார்த்தார். தலைவருடைய அறைக் கதவு சாத்தியிருந்தது. தலைவரின் தாளில் அன்று வாசலில் இருந்தவர்களுக்கு மட்டுந்தான் இடம் இருந்தது; புது ஆளைச் சேர்க்க அவருடைய கையெழுத்து வேண்டும்.

"இந்த வாங்கில இருந்தா நடக்காது தம்பி" என்றார். "எழும்புங்க. அந்தக் கதவடியில போய் இருப்பம்."